பொறு பிள்ளை

பிரிக்ஃபீல்ட்ஸ்,
8 பிப்ரவரி 1987

அன்புள்ள அக்காவுக்கு,

மலர் எழுதுகிறேன். கவரின் மேல் என் கையெழுத்தைப் பார்த்தும் கிழித்துப் போடாமல் இந்த வரிவரை வந்துவிட்டீர்கள் என்றால், மிச்சத்தையும் படித்துவிடுங்கள். டெலிபோன் செய்தால் அத்தான் எடுக்கிறார், என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறார். நீங்கள் எடுத்த ஒரே ஒரு தடவை நீங்களும் வைத்துவிட்டீர்கள். இனித் தபால்தான் வழி. தபால்காரரோடு அத்தானுக்குச் சண்டை ஒன்றும் இல்லையே.

ஒரு சந்தோஷச் செய்தி. ஜூன் மாதம் அம்பாங்கில் எங்கள் கிளப்பில் தேசியக் குதிரையேற்றப் போட்டி நடக்கிறது. அதற்கான தேர்வில் நான் இரண்டாவதாக வந்துவிட்டேன். முப்பத்தொன்பது வயதில், நில அளவை ஆபிசில் நாள் முழுக்கக் குனிந்து வரைபடம் போடுகிற நான். பிறந்ததிலிருந்து குதிரை மேல் வளர்ந்த பிள்ளைகளெல்லாம் எனக்குப் பின்னால். பெருமையாகத்தான் சொல்கிறேன், அடக்கம் எல்லாம் எனக்கு வராது.

அன்றைக்கு எல்லாரும் கை கொடுத்தார்கள். பிறகு அவரவர் குடும்பத்தோடு காரில் ஏறிப் போய்விட்டார்கள். நான் மினி பஸ்ஸுக்கு நின்றேன். வீட்டுக்கு வந்து அம்மாவின் படத்துக்கு முன்னால் விளக்கேற்றிச் சொன்னேன். அதற்குப் பிறகு சொல்வதற்கு நீங்கள் ஒருவர்தான் மிச்சம்.

ஜூனில் நீங்கள் வந்து பார்க்க வேண்டும். வேறொன்றும் கேட்கவில்லை.

போன ஆகஸ்ட் ஞாயிற்றுக்கிழமை விஷயத்தை நீங்கள் ஒரு தரம்கூட முழுதாகக் கேட்கவில்லை. என்னைப் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் உங்கள் வீட்டுக்கு நாலு மணிக்கு வருகிறார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். சேலையைக்கூட இஸ்திரி போட்டு வைத்திருந்தேன். பகல் பன்னிரண்டு மணிக்குக் கிளப்பிலிருந்து ஆள் அனுப்பினார்கள், நான் ஓட்டுகிற குதிரைக்கு வயிற்றில் பிடித்துக்கொண்டது என்று. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது அக்கா. வலி பொறுக்காமல் விழுந்து புரண்டால் குடல் முறுக்கிக்கொண்டு செத்துப்போகும். மிருக டாக்டர் ஊசி போட்டுவிட்டு, படுக்க விடாமல் நடத்திக்கொண்டே இரு என்றார். நடத்தினேன். கயிற்றை வேறு யார் பிடித்தாலும் அவன் படுக்கப் பார்த்தான். நடுவில் ஆபிஸ் டெலிபோனுக்கு ஓடி உங்களுக்குச் சொன்னேன். அத்தான்தான் எடுத்தார், கேட்டுவிட்டு வைத்துவிட்டார். இதுதான் நடந்தது.

பதில் எழுதுங்கள்.

தங்கை,
சிவமலர்

•

கிள்ளான்,
24 பிப்ரவரி 1987

மலருக்கு,

நலமா என்று கேட்கமாட்டேன். குதிரை நலமாக இருந்தால் நீயும் நலம்தான்.

நடந்ததை நீ உன் பக்கத்திலிருந்து எழுதிவிட்டாய். என் பக்கத்தில் நடந்ததையும் கேள். அன்றைக்கு விடியலில் எழும்பி வடைக்கு அரைத்தேன். கேசரி கிளறினேன். ஹாலில் திரைச்சீலை மாற்றினேன். சிரம்பானிலிருந்து இரண்டு கார் வந்து நின்றது. அத்தானின் பெரியம்மா, மாப்பிள்ளையான அவருடைய மகன் சண்முகரத்தினம், அந்தப் பக்கத்துப் பெண்டுகள் நாலு பேர். எல்லாரும் பெண் எங்கே பெண் எங்கே என்று அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நான் தேத்தண்ணியை ஊற்றி ஊற்றிக் கொடுக்கிறேன். ஐந்து மணிக்கு அத்தான் வாயைத் திறந்து உண்மையைச் சொன்னார். பொய் சொல்லத் தெரியாத மனிதர், வேறு என்ன செய்வார். பெரியம்மா கேசரித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "குதிரைக்கு வயித்துக்குத்தோ?" என்று கேட்டார். நாலு பெண்டுகளும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

அந்தப் பிள்ளை வங்கியில் நல்ல உத்தியோகம், குடி கிடையாது, உன் வயதுக்கு ஒரு வயது மூத்தது. அம்மா கண்ணை மூடும்போது உன் கையை எடுத்து என் கையில் வைத்தது உனக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ. எனக்கு இருக்கிறது. உன்னைத் தனியாக விட்டுவிடக்கூடாது என்றுதான் நான் நாயாக அலைந்தேன். நீ போய் ஒரு மிருகத்தைக் கயிற்றில் கட்டி நடத்திக்கொண்டிருந்தாய்.

இன்றைக்கும் கோயிலில் யாராவது அத்தானிடம், உங்கள் மச்சாளின் குதிரை சுகமா என்று கேட்கிறார்கள். உன் அத்தான் சீவரத்தினம் என்றால் துறைமுக ஆபிசில் எல்லாரும் மரியாதையாக எழும்பி நிற்பார்கள். அவரைக் கேலிப்பொருள் ஆக்கிவிட்டாய். நீ படி ஏறக்கூடாது என்று அவர் சொன்னது சொன்னதுதான். நானும் வரமாட்டேன். ஜூனிலும் வரமாட்டேன், டிசம்பரிலும் வரமாட்டேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன், கோபத்தில் இல்லை, விளங்காமல் கேட்கிறேன். ரேஸ் ஓடுகிறாயா நீ? விழுந்தால் யார் தூக்குவார்கள்?

தபால் காலையில்தான் வருகிறது, அப்போது அத்தான் வேலையில் இருப்பார்.

குணபூசணி

•

பிரிக்ஃபீல்ட்ஸ்,
15 மார்ச் 1987

அன்புள்ள அக்காவுக்கு,

தபால் எத்தனை மணிக்கு வரும் என்று எழுதிவிட்டு, எழுதாதே என்றும் சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

ரேஸ் இல்லை. தாண்டுவதும் இல்லை. இதற்கு டிரெஸ்ஸாஜ் என்று பெயர். வெள்ளைப் பலகை அடித்த நீள்சதுர மைதானம். நடுவர்கள் சின்ன அறை போன்ற ஒரு பெட்டிக்குள் உட்கார்ந்திருப்பார்கள். குதிரை உள்ளே வந்து, நடுக்கோட்டில் அசையாமல் நிற்க, நாம் வணக்கம் வைக்க வேண்டும். பிறகு மெதுநடை, துள்ளுநடை, வட்டம், குறுக்கு. எல்லாம் முன்பே எழுதி வைத்த வரிசையில். ஒவ்வொன்றுக்கும் மார்க். வட்டம் என்றால் வட்டமாகவே இருக்க வேண்டும், முட்டையாக இருந்தால் மார்க் போய்விடும். பதினெட்டு வருஷம் காம்பஸ் பிடித்த கை எனக்கு, அந்த விஷயத்தில் என்னை யாரும் அசைக்க முடியாது. கடைசியில் மறுபடி நடுக்கோட்டில் நின்று வணக்கம் வைத்தால் முடிந்தது.

இதில் என் தலைவலி அந்த நிற்பதுதான். என் குதிரை முன்பு ரேஸில் ஓடியவன். ஓடத் தெரியும், நிற்கத் தெரியாது. பந்தயக்காரர்கள் வேண்டாம் என்று தள்ளிவிட்டதால்தான் என் கைக்கு வந்தான். பந்தயத்தில் நீளமாக ஏதோ இங்கிலீஷ் பெயர். நான் தம்பி என்று கூப்பிடுகிறேன். சிரிக்காதீர்கள். முதல் ஆறு மாதம் ஸ்டெடி, ஹோ என்று கிளப்பில் சொல்லிக்கொடுத்ததையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். காதைக்கூட ஆட்டவில்லை. ஒருநாள் அவனுடைய பிடரி மயிரில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தேன். இழுத்தால் வலிக்கும் இல்லையா, காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு ஆடினான். என்னையறியாமல் வாயிலிருந்து வந்துவிட்டது. "பொறு பிள்ளை, பொறு." அப்படியே நின்றுவிட்டான். அம்மா நமக்குத் தலை வாரும்போது சொல்வது. அதே இழுவை, அதே குரல். அன்றிலிருந்து அவன் நிற்பது அந்த ஒரு சொல்லுக்குத்தான்.

ஆனால் மைதானத்துக்குள் குதிரையோடு பேசக்கூடாது. அது சட்டம். நாக்கைச் சொடுக்கினால்கூட மார்க் குறைப்பார்கள். போன நவம்பரில் ஒரு சின்னப் போட்டி. என்னை அறியாமல் முணுமுணுத்துவிட்டேன். இரண்டாவது இடத்திலிருந்து ஐந்தாவதுக்கு இறங்கினேன். மார்க் தாளில் நடுவர் எழுதியிருந்தார், குரல் என்று.

இதை உங்களுக்குச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். ஆபிசில் இங்கிலீஷும் மலாயும். கடைத்தெருவில் கடைத்தெருத் தமிழ். நம் வீட்டுப் பேச்சை அம்மா போன பிறகு நான் உங்களோடு பேசினேன். நீங்கள் நிறுத்திய பிறகு அவனோடுதான் பேசுகிறேன். மனிதர்களிடம் பேசாமல் குதிரையிடம் பேசுகிறாளே என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். வேறு வழி தெரியவில்லை.

சிரம்பான்காரருக்கு வேறு இடத்தில் பேசியாகிவிட்டதாமே. நல்லது. அவர் நன்றாக இருக்கட்டும்.

மலர்

•

கிள்ளான்,
12 ஏப்ரல் 1987

மலருக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு வாரம் பதில் எழுதவில்லை. பிறகு புதுவருஷப் பலகார வேலை வந்துவிட்டது. அதைச் சாக்காக வைத்து மேலும் கொஞ்சம் தள்ளினேன்.

அம்மா தலை வாரும்போது நீதான் ஆடுவாய், நான் ஆடமாட்டேன். எனக்கும் சொன்னார் என்று ஏன் எழுதியிருக்கிறாய்? "நமக்கு" இல்லை, உனக்கு. நான் உன் பின்னால் வரிசையில் நின்று, எண்ணெய் வழிய வழிய, எப்போது முடியும் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். அம்மா உன் தலையை வாரி முடிப்பதற்குள் எனக்குப் பள்ளிக்கூட மணி அடித்துவிடும். எத்தனையோ நாள் என் பின்னலை நானே போட்டுக்கொண்டு ஓடியிருக்கிறேன்.

குதிரைக்குத் தம்பி என்று பெயர் வைத்ததற்கு ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவுக்கு ஓர் ஆண்பிள்ளை இல்லையே என்று கடைசிவரை குறை. நாலு காலில் வரும் என்று எதிர்பார்த்திருக்கமாட்டார்.

நீ சாப்பிடுகிறாயா? குதிரைக்குக் கொள்ளும் காரட்டும் வாங்குகிறவள் தனக்கு என்ன சமைக்கிறாய் என்று எழுதவில்லை. இரவில் ரொட்டியை நனைத்துத் தின்றுவிட்டுப் படுப்பாய், எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை கந்தசுவாமி கோயிலுக்காவது போ. நாலு பேர் முகத்தைப் பார்த்தால் குதிரை ஞாபகம் கொஞ்சம் குறையும்.

வருகிற விஷயத்தில் என்னை நெருக்காதே. அத்தானை மீறி நான் இதுவரை ஒரு காரியம் செய்ததில்லை. இந்த வயதில் குதிரைக்காகத் தொடங்கவும் முடியாது. எதிர்பார்க்காதே. எதிர்பார்த்துவிட்டுப் பிறகு என்மேல் பழி போடாதே.

பொறு பிள்ளை என்று நீ எழுதியிருந்த இடத்தை இரண்டு தரம் வாய்விட்டுப் படித்தேன். சமையலறையில்தான், ஆள் இல்லாதபோது. அம்மா மாதிரியே வருகிறது எனக்கும்.

குணபூசணி

•

பிரிக்ஃபீல்ட்ஸ்,
31 மே 1987

அக்காவுக்கு,

சுருக்கமாக எழுதுகிறேன், காலையில் சீக்கிரம் போக வேண்டும். ஜூன் 13 சனி, 14 ஞாயிறு. இரண்டு நாள் மார்க்கையும் கூட்டிப் பார்ப்பார்கள். என் முறை ஞாயிறு பகல் இரண்டு மணி வாக்கில் வரும். வருகிறவர்களுக்குக் கட்டணம் இல்லை. வாசலில் காவலுக்கு நிற்கும் ஜாகா யாருடைய கெஸ்ட் என்று கேட்பான், என் பெயரைச் சொன்னால் விட்டுவிடுவான். நீங்கள் வரமாட்டீர்கள் என்று தெரிந்தும் எழுதி வைக்கிறேன்.

இன்னொன்று. தம்பிக்கு இதுதான் கடைசிப் போட்டி. பதினாறு வயதாகிவிட்டது, பின்னங்காலில் நீர் கோக்கிறது. போட்டி முடிந்ததும் கிளப்காரர்கள் டெங்கிலில் ஒருவருடைய தோட்டத்தில் மேய விடப்போகிறார்கள். அவன் போய்விட்டால் எனக்கு வேறு குதிரை கிடைக்காது. வாங்க வசதி இல்லை, யாரும் கொடுக்கவும் மாட்டார்கள். ஆகவே எனக்கும் இதுதான் கடைசி. ஜெயித்தால் இந்த ஒரு தடவைதான்.

பேசாமல் ஓட்டப் பழகுகிறேன். மேலே ஏறினால் உதட்டைக் கடித்துக்கொள்கிறேன். தொடக்கத்தில் நிற்பது பரவாயில்லை, இடுப்பை இறுக்கினால் நிற்கிறான். கடைசியில் நிற்கும்போதுதான், முடிந்துவிட்டது என்று தெரிந்துகொண்டு ஆடத் தொடங்குகிறான். அவனோடும் பேசுவதைக் குறைத்துவிட்டேனா, இப்போது வெள்ளி மாலை ஆபிசை விட்டு வந்தால் திங்கள் காலைவரை என் குரலை நானே கேட்பதில்லை. நேற்று ரொட்டிக்காரர் மணியடித்தபோது இரண்டு தரம் சொன்ன பிறகுதான் அவருக்குக் கேட்டது.

ரொட்டியை நனைத்துத்தான் தின்கிறேன். சரியாகக் கண்டுபிடித்தீர்கள்.

மலர்

•

கிள்ளான்,
15 ஜூன் 1987

என் தங்கச்சி மலருக்கு,

வந்தேன். பார்த்தேன். நீ ஜெயித்ததை இந்த இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

அத்தான் நேற்று ரவாங்கில் ஒரு கல்யாணத்துக்குப் போனார். எனக்குத் தலைவலி என்று சொன்னேன். நாற்பத்தேழு வயதில் முதல் பொய். அவர் கார் முக்குத் திரும்பியதும் சேலையை மாற்றிக்கொண்டு ஓடினேன். கோலாலம்பூர் பஸ், அங்கிருந்து மினி பஸ். அந்த மினி பஸ்காரன் ஓட்டிய ஓட்டத்துக்கு உன் குதிரையே மேல். கிளப் வாசலில் ஜாகா தமிழ்ப் பையன்தான், "யாரோட கெஸ்ட் ஆன்டி?" என்று கேட்டான். உன் பெயரைச் சொன்னால் ஓடிப்போய் உன்னிடம் சொல்லிவிடுவானோ, இது எப்படியோ அத்தான் காதுவரை போய்விடுமோ என்று பயந்து, "யாரையும் தெரியாது தம்பி, சும்மா வேடிக்கை பார்க்க வந்தேன்" என்றேன். போங்க என்று விட்டுவிட்டான்.

தொப்பி போட்ட பெண்களுக்கு நடுவில் நான் குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நீ கறுப்புக் கோட்டில் வந்தாய். முதலில் உன்னை அடையாளம் தெரியவில்லை. நிமிர்ந்து, தாடையை இறுக்கிக்கொண்டு, யாரையும் பார்க்காமல். பிறகு தெரிந்தது, அம்மா கோபத்தில் இருக்கும்போது இப்படித்தான் இருப்பார். எனக்கு அதில் ஒரு மண்ணும் விளங்கவில்லை, ஆனால் அந்தப் பெரிய மிருகம் நீ நினைத்ததையெல்லாம் செய்தது. உன் கை அசைந்ததாகவே எனக்குத் தெரியவில்லை. வட்டம் வட்டமாகத்தான் இருந்தது மலர். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரி மூச்சை விட மறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அது என் தங்கச்சி என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கிவிட்டேன்.

கடைசியில் நடுவில் வந்து நிறுத்தினாய். நீ எழுதியிருந்தது போலவே அவன் பின்னங்காலைத் தூக்கினான். தலையை ஆட்டினான். நீ உதட்டைக் கடித்தது எனக்குத் தெரிந்தது. எனக்குத் தாங்கவில்லை. குதிரை மேல் இருக்கிறவள் பேசக்கூடாது என்றுதானே எழுதினாய், பார்க்கிறவள் பேசக்கூடாது என்று எழுதவில்லையே. எழும்பி நின்று, அம்மா மாதிரியே இழுத்து, "பொறு பிள்ளை, பொறு" என்றேன். சத்தமாகவே வந்துவிட்டது. அவன் ஆணி அடித்தாற்போல நின்றுவிட்டான். நீ வணக்கம் வைத்தாய். அப்போதும் நீ திரும்பிப் பார்க்கவில்லை.

பலகையில் உன் பெயரை எல்லாருக்கும் மேலே ஏற்றினார்கள். சாக்கட்டியால் எழுதியதை நின்று மூன்று தரம் படித்தேன். உன்னிடம் வர வேண்டும் என்றுதான் இருந்தது. வந்தால் அழுதுவிடுவேன், அழுதால் பஸ்ஸை விட்டுவிடுவேன், அத்தான் ஆறு மணிக்கு வந்துவிடுவார். ஓடிவிட்டேன்.

அந்தக் கோப்பையில் பாதி எனக்குச் சேர வேண்டும், சொல்லிவைக்கிறேன். படம் எடுத்தால் ஒரு பிரதி அனுப்பு. அம்மா படத்துக்குப் பக்கத்தில் வைக்க முடியாவிட்டாலும் சேலைப் பெட்டிக்குள் வைத்துக்கொள்வேன்.

உன் அக்கா,
குணபூசணி

•

கிள்ளான்,
17 ஜூன் 1987

மலர்,

என்ன நடந்தது? இன்றைக்கு இங்கிலீஷ் பேப்பரில் கடைசிப் பக்கத்துக்கு முந்திய பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறான். முதலாவது யாரோ ஒருத்தி, இரண்டாவது வேறு ஒருத்தி, மூன்றாவதிலும் உன் பெயர் இல்லை. அத்தான் படித்துவிட்டு வைத்த பேப்பர், மேசை துடைக்கும்போது பார்த்தேன். பலகையில் உன் பெயரை நான் பார்த்தேனா இல்லையா? எனக்கென்ன கண் பொட்டையா?

உன்னை ஏமாற்றியிருக்கிறார்கள். பெரிய இடத்துப் பிள்ளைக்காக மாற்றியிருக்கிறார்கள். நீ தனி ஆள், கேட்க நாதி இல்லை என்று நினைத்துவிட்டார்கள். அத்தானுக்கு நல்ல இங்கிலீஷ் எழுத வரும். பேப்பருக்கு எழுதச் சொல்லட்டுமா? அப்படியானால் நான் வந்ததைச் சொல்ல வேண்டிவரும். சொல்கிறேன். நீ சரி என்று ஒரு வரி எழுது, இன்றைக்கே சொல்கிறேன்.

அக்கா

•

பிரிக்ஃபீல்ட்ஸ்,
22 ஜூன் 1987

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு கடிதமும் கிடைத்தன. அத்தானிடம் பேப்பருக்கு எழுதச் சொல்லாதீர்கள். யாரும் என்னை ஏமாற்றவில்லை.

இதை உங்களுக்கு எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். நீங்கள் பேப்பரைப் பார்த்துவிட்டீர்கள். இனி நான் சொல்லாவிட்டால் நீங்கள் ஊரையே திரட்டுவீர்கள்.

அந்தக் குரல் வந்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. திரும்பினால் மார்க் போய்விடும், அதனால் திரும்பவில்லை. நேராகப் பார்த்தபடியே வணக்கம் வைத்தேன். வெளியே வந்ததும் தம்பியை லாயத்துப் பையனிடம் கொடுத்துவிட்டு, பூட்ஸோடு ஓடினேன். பந்தலில் இல்லை. தேத்தண்ணிக் கடையில் இல்லை. வாசலில் ஜாகாவிடம் சேலை கட்டிய ஆன்டி ஒருவரைப் பார்த்தாயா என்று கேட்டேன். "பார்த்தேன் சிஸ்டர், யாரையும் தெரியாதுன்னு சொன்னாங்க. இப்பதான் பஸ்ஸுக்கு ஓடினாங்க லா" என்றான். ஆகவே அதை நீங்கள் எழுதுவதற்கு முன்பே எனக்குத் தெரியும்.

அவன் சொல்லி முடிக்கும்போதே ஒலிபெருக்கியில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். நடுவர்கள் கூடாரத்துக்கு. போட்டியில் இருந்த ஒருவர் புகார் செய்திருந்தார், நான் நின்றபோது பந்தலிலிருந்து யாரோ குரல் கொடுத்தார்கள், குதிரை அதற்குக் கட்டுப்பட்டது என்று. வெளியிலிருந்து யாராவது குரலால் உதவினால் ஓட்டுகிறவரைப் போட்டியை விட்டே நீக்கிவிடுவார்கள். அதுவும் சட்டம்தான். நான்தான் உங்களுக்கு எழுதவில்லை. யாராவது வந்து உதவுவார்கள் என்று எனக்குத் தோன்றியிருந்தால் எழுதியிருப்பேன்.

தலைமை நடுவர் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வயதான மனிதர், நல்லவர். எனக்கு வழியைத் திறந்துதான் வைத்தார். அவர்கள் யாருக்கும் தமிழ் தெரியாது. கூட்டத்தில் யாரோ ஒரு பெண்மணி தன் பிள்ளையைக் கூப்பிட்டிருக்கலாம், அப்படியானால் நாங்கள் கணக்கில் எடுக்கமாட்டோம், கோப்பை உங்களுக்குத்தான் என்றார். பிறகு கேட்டார், "அந்த அம்மாளை உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்றால் போதும். நீங்களும் அதைத்தானே சொல்லியிருந்தீர்கள். ஜாகாவையே சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கலாம். அந்த நிமிஷம் எனக்கு உங்கள்மேல் அவ்வளவு ஆத்திரம். மூன்று வருஷம் வெயிலிலும் மழையிலும் உழைத்தது அந்தக் கூடாரத்துக்குள் இருந்தது. வெளியே கோப்பையை மேசையில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார்கள், எனக்குத் தெரிந்தது.

"ஷீ இஸ் மை சிஸ்டர்" என்றேன்.

ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். நான் அந்தக் கிளப்புக்குப் போன நாளிலிருந்து எனக்கென்று ஒருவர் அந்த வாசலுக்குள் வந்தது அன்றைக்குத்தான். அவரைத் தெரியாது என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவ்வளவுதான்.

பலகையில் என் பெயரைத் துணியால் துடைத்தார்கள். சனிக்கிழமை முதலிடத்துக்கு என்று கொடுத்த நீல ரிப்பனையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நடுவர் மார்க் தாளை மட்டும் என் கையில் கொடுத்து, இதை வைத்துக்கொள்ளுங்கள், இந்த வாரம் இங்கே இதைவிட நன்றாக யாரும் ஓட்டவில்லை என்றார். அது எனக்கும் தெரியும். யார் எழுதினாலும் எழுதாவிட்டாலும் தெரியும். அந்தப் பெருமை என்னிடம்தான் இருக்கிறது, அதை யாரும் துடைக்க முடியாது.

ஆனால் வலிக்கவில்லை என்று பொய் எழுதமாட்டேன். வலிக்கிறது. இன்னொன்றும் எழுதாமல் விடப் பார்த்தேன், முடியவில்லை. தம்பி அந்தக் கடைசி இடத்தில் ஆடியிருந்தால்கூட இரண்டு மூன்று மார்க்குத்தான் குறைந்திருக்கும். அப்போதும் நான்தான் முதல். நீங்கள் சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும். வந்து உட்கார்ந்திருந்தாலே போதும்.

கோபத்தில் எழுதியதை அடிக்காமல் விடுகிறேன். ஜூலை 5 ஞாயிறு லோரி வந்து தம்பியை டெங்கிலுக்கு ஏற்றிப்போகிறது. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

மலர்

•

கிள்ளான்,
26 ஜூன் 1987

மலர்,

உன் கடிதம் நேற்றுக் காலை வந்தது. சமையலறையில் நின்றபடி படித்தேன். குழம்பு அடிப்பிடித்துவிட்டது. பிறகு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தேன், ஒரு வேலையும் ஓடவில்லை.

யாரையும் தெரியாது என்று ஜாகாவிடம் சொன்னதைச் சிரித்துக்கொண்டுதான் உனக்கு எழுதினேன். அதை நினைக்க நினைக்க எனக்கு என் முகத்தையே கண்ணாடியில் பார்க்கப் பிடிக்கவில்லை.

அத்தான் வந்து, வீடு ஏன் இருட்டாகக் கிடக்கிறது என்று கேட்டார். விளக்கைப் போட்டுவிட்டு எல்லாக் கடிதங்களையும் அவர் முன்னால் வைத்தேன், பிப்ரவரியில் வந்ததிலிருந்து. தலைவலி என்று பொய் சொன்னதையும் சொன்னேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் வரிசையாகப் படித்தார். சாப்பிட்டார், கை கழுவினார். கையைத் துடைத்துக்கொண்டே, "வெளியில இருந்து குரல் குடுத்தா நீக்குவினம் எண்டு உனக்குத் தெரியாதோ?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "அவளுக்குத் தெரியும்தானே. தெரிஞ்சும் அக்கா எண்டு சொல்லியிருக்கிறாள்" என்றார். பிறகு போய்ப் படுத்துவிட்டார். உன்னை வரச் சொல்லவில்லை. நான் அங்கே வருவதை வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவரிடமிருந்து இப்போதைக்கு இவ்வளவுதான் எதிர்பார்க்கலாம்.

உனக்குப் போன கோப்பையை நான் எங்கே போய் வாங்கிக்கொண்டு வருவேன்.

ஐந்தாம் தேதி காலையில் முதல் பஸ்ஸில் வருகிறேன். லோரியைக் காக்க வை. தம்பிக்குக் காரட் கொண்டுவருகிறேன், உனக்குச் சோறு கட்டிக்கொண்டு வருகிறேன். இந்த முறை என் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று ஓடமாட்டேன். ஏற்றும்போது அவன் ஆடினால் இரண்டு பேருமாகச் சொல்லலாம், அங்கே நடுவர் யாரும் இல்லையே.

வாசலில் அந்தப் பையன் யாருடைய கெஸ்ட் என்று மறுபடி கேட்பான். என்ன சொல்ல வேண்டும் என்று நீ எழுத வேண்டாம்.

அக்கா